சூடேறிய செய்மதிக் கருவியும் அதனை மீட்ட வகையும்

நெற்கதிர் முற்றியபின் அறுவடைக்கு நாட்குறிக்கும் கமக்காரரும், மிளகாய்ப் பாத்திக்கு மருந்து தெளிக்க ஆயத்தஞ் செய்யும் கமக்காரரும் முதலில் எதிர்பார்ப்பது வானிலை அறிவித்தலையே. நாளை மழையுண்டா இல்லையா என்னும் அவ்வொரு செய்திக்குப் பின்னே, மிக உயரத்தில் நின்று முகிற் கூட்டங்களைப் பார்த்தவண்ணமிருக்கும் செய்மதிகள் பல உள. அவையும் பொறிகளேயாதலின், ஏனைய பொறிகளைப் போலப் பழுதடைவதுமுண்டு. கிணற்றடியில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் அதனைக் கழற்றிப் பார்க்கலாம். உதிரிப்பாகம் வாங்கி மாற்றலாம். ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் ஒரு பொறியைக் கழற்றிப் பார்ப்பார் யார்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் கோஸ் 17 என்னும் வானிலைச் செய்மதிக்கு 2018 ஆம் ஆண்டில் நேர்ந்த பழுதும், கைபடாமலே அதன் கருவி பெரும்பாலும் மீட்கப்பட்டமையும் இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

செய்மதியும் அதன் கண்ணும்

கோஸ் 17 செய்மதி 2018 ஆம் ஆண்டு மாச்சு மாதம் 1 ஆந் திகதி புளோரிடாவிலுள்ள கேப் கனவரலிலிருந்து ஏவப்பட்டது. மத்திய கோட்டுக்கு நேர்மேலே, பூமி சுழலும் வேகத்துக்கு ஒத்த வேகத்திற் சுற்றுமாறு அது வைக்கப்பட்டமையால், நிலத்திலிருந்து நோக்குவோர்க்கு அது வானில் ஒரே இடத்தில் அசையாது நிற்பது போலாகும். பசிபிக் சமுத்திரத்தின் பெரும்பகுதியும், அலாஸ்காவும், அவாய்த் தீவுகளும், அமெரிக்காவின் மேற்குக் கரையும் அதன் பார்வைக்கென ஒதுக்கப்பட்டன. அப்பரந்த கடலில் நிலையங்கள் மிகச் சிலவே இருத்தலால், அங்கு தோன்றும் சூறாவளியை முதலிற் காண்பது செய்மதியே.

இச்செய்மதியின் தலையாய கருவி படமாக்குங் கருவியாகும். அது வானத்தையும் நிலத்தையும் 16 பட்டைகளிற் பார்க்கின்றது. அவற்றுள் 2 பட்டைகள் மனிதர் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குரியவை. 4 பட்டைகள் அவ்வொளிக்கு அண்மையிலுள்ள செந்நிறக்கீழ்க் கதிருக்குரியவை. எஞ்சிய 10 பட்டைகளும் பொருள்கள் தம் வெப்பத்தால் வெளிவிடும் செந்நிறக்கீழ்க் கதிரையே பார்ப்பவை.

ஒளிப்பட்டைகள் பகலில் மட்டுமே பயன்படும். இரவில் முகிலைக் காட்டுவன வெப்பக்கதிர்ப் பட்டைகளே. அவை முகிலின் உருவத்தை மட்டுமன்றி அதன் உச்சியின் வெப்பநிலையையுங் காட்டும். உயரஞ் செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பதை நுவரெலியாவிலே கிழங்கு பயிரிடுவோர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. முகிலின் உச்சி மிகக் குளிர்ந்திருப்பின் அம்முகில் மிக உயர்ந்து வளர்ந்துள்ளது என்றும், ஆங்கே இடியும் பெருமழையும் எதிர்பார்க்கத்தக்கன என்றும் வானிலையாளர் கொள்வர். உச்சி வெப்பமாயின் அது தாழ்ந்த முகில். பெரும்பாலும் தூறலோடு நின்றுவிடும். இன்னுஞ் சில பட்டைகள் முகிலே இல்லாத இடத்திலும் வளியிலுள்ள நீராவியைக் காட்டும். ஆகவே வெப்பக்கதிர்ப் பட்டைகள் கெட்டால் செய்மதி இரவிற் பெரும்பாலும் குருடாகும். பகலிலும் முகிலின் உயரமும் வளியின் ஈரமும் அதற்குத் தெரியா.

கண் குளிர்ந்திருக்கவேண்டியது ஏன்?

வெப்பமுள்ள எப்பொருளும் செந்நிறக்கீழ்க் கதிரை வெளிவிடும். மண்ணும், நீரும், முகிலும், மாட்டின் உடலும் அவ்வாறே. இதிலிருந்து ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கருவியின் உள்ளே அக்கதிரை உணரும் சிறு பாகங்களும் வெப்பமுள்ளவையாயின் அவ்வெப்பமே அவற்றினுள் போலிக் குறிகளை எழுப்பும். இரவிற் பன்றிக்காவலுக்குக் காவற் பரணில் இருப்பவர் பெற்றோமக்ஸ் விளக்கை முகத்தருகே பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் நோக்கினால் யாது தெரியும்? தம் விளக்கின் ஒளியே தெரியும், பன்றி தெரியாது. விளக்கை மறைத்தபின்னரே தூரத்திலுள்ளது புலனாகும்.

அதுபோலவே, உணர்பாகங்கள் தம் சொந்த வெப்பத்தால் மயங்காதிருக்கும்பொருட்டு அவற்றைக் கடுங்குளிரில் வைத்தல் வேண்டும். கோஸ் 17 இன் வெப்பக்கதிர் உணர்பாகங்கள் 60 கெல்வினில், அதாவது சதம அளவையிற் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 213 பாகையில் இருக்குமாறு திட்டமிடப்பட்டிருந்தன. அக்குளிரை உண்டாக்குவது உள்ளேயுள்ள ஒரு குளிராக்கும் பொறி. ஆயினும் குளிராக்கும் பொறி வெப்பத்தை அழித்துவிடுவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்திற் கொட்டுகின்றது, அவ்வளவே. கொட்டப்பட்ட வெப்பத்தைச் செய்மதியின் வெளிப்புறத்திலுள்ள அகன்ற தட்டுக்குக் கொண்டுசென்று விண்வெளியிற் போக்குதல் வேண்டும். உழவு இயந்திரத்தின் றேடியேற்றர் செய்யும் வேலையையே இத்தட்டும் செய்கின்றது. ஆனால் விண்வெளியிற் காற்றில்லை. ஆதலால் விசிறி வைத்துப் பயனில்லை. கதிர்வீசியே வெப்பம் நீங்கவேண்டும்.

பொறிக்கும் தட்டுக்குமிடையே வெப்பத்தைச் சுமப்பவை வளைய வெப்பக் குழாய்கள் எனப்படும். அவற்றினுள்ளே ஒரு திரவம் அடைக்கப்பட்டிருக்கும். வெப்பமான முனையில் அத்திரவம் ஆவியாகிக் குளிர்ந்த முனைக்குச் செல்லும். ஆங்கே வெப்பத்தை விட்டுத் திரவமாகித் திரும்பும். திரும்பி வருந் திரவத்தை இழுத்துக் கொடுப்பது நுண்துளைகள் நிறைந்த ஒரு திரியாகும். விளக்குத் திரி எண்ணெயை மேலிழுப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. சுழலும் பாகம் எதுவும் இதில் இல்லாமையால், தேய்ந்து பழுதாவதற்கு யாதுமில்லை என எண்ணத்தோன்றும். ஆயினும் பழுது நேர்ந்தது இக்குழாய்களிலேயே.

பழுது வெளிப்பட்டமை

புதிய செய்மதியை ஏவியபின் அதன் கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கிச் சோதித்தல் வழக்கம். அச்சோதனைக் காலத்திலே, குளிராக்கும் அமைப்பு முறைப்படி இயங்கத் தொடங்கவில்லை என்பது அறியப்பட்டது. அமெரிக்கத் தேசியச் சமுத்திர வளிமண்டல நிருவாகம் 2018 மே மாதம் 23 ஆந் திகதி அதனை வெளிப்படையாக அறிவித்தது. வெப்பக் குழாய்கள் சுமக்கவேண்டிய வெப்பத்தைச் சுமக்கவில்லை. 16 பட்டைகளுள் 13 பட்டைகள் இதனாற் பாதிக்கப்பட்டன. மூன்று மட்டுமே தப்பின. மின்னலைப் பதியுங் கருவி முதலிய ஏனைய கருவிகளுக்கு ஊறு நேரவில்லை.

நிருவாகமும், நாசா நிறுவனமும், கருவியைச் செய்த கம்பனியும், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வல்லுநரும் கூடி ஆராய்ந்தனர். குழாய்களை மீண்டும் இயங்கச் செய்யுமாறு முயன்றும் பயன் கிட்டவில்லை. பழுதுற்ற உறுப்பைத் திருத்தவியலாது என்பது தெளிந்தபின்னர் வினா மாறிற்று. குழாயை எவ்வாறு திருத்துவது என்பதை விடுத்து, திருந்தாத குழாயோடு கருவியை எவ்வளவு நேரம், எந்த நேரத்திற் பயன்படுத்தலாம் என்பதை அவர்கள் ஆராயலாயினர். இக்கதையில் ஊன்றி நோக்கத்தக்கது இந்த மாற்றமே.

எப்பொழுது சூடேறுகின்றது?

கருவி எந்நேரமும் ஒரே அளவாகச் சூடேறவில்லை. அதன் வாய் எப்பொழுதும் பூமியை நோக்கியிருப்பதால், செய்மதிக்குக் கீழேயுள்ள நிலத்திற் பகலாயிருக்கும்போது ஞாயிறு அதன் முதுகுப்புறத்தே நிற்கும். நள்ளிரவை அணுகும்போது ஞாயிறு பூமிக்கு அப்பாற் சென்றுவிட, அதன் கதிர் பூமியின் ஓரத்தைக் கடந்து நேரே கருவியின் வாய்க்குள் நுழையும். தாழ்வாரத்துக்குள் மாலை வெயில் சாய்ந்து புகுவதைப் போன்றது இது. உள்ளே புகுந்த வெப்பம் உடனே நீங்காது. சீமெந்துக் களம் ஞாயிறு மறைந்தபின்னும் நெடுநேரஞ் சுடுமன்றோ? அவ்வாறே கருவியின் சூடும் நள்ளிரவுக்குப் பின்னரும் சில மணி நேரம் ஏறி, அதன்பின்னரே தணிந்தது.

இன்னும், ஆண்டின் எல்லா இரவும் ஒரு தன்மையன அல்ல. ஞாயிறு மத்திய கோட்டுக்கு வெகு வடக்கேயோ தெற்கேயோ நிற்கும் காலத்தில் அதன் கதிர் கருவியின் வாய்க்குள் நேராகப் புகாது. மாச்சு மாதத்திலும் செத்தெம்பர் மாதத்திலும் இரவும் பகலும் ஒத்திருக்கும் நாள்களை அணுகும்போதே நேராகப் புகும். அவ்வாறாயின் அந்நாள்களே மிகக் கொடியனவாதல் வேண்டும் எனக் கமக்காரர் எண்ணக்கூடும். அன்று. சரியாக அந்நாள்களில் பூமியின் நிழல் நள்ளிரவில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் செய்மதியின்மீது விழுந்து அதனைக் காத்தது. நிழல் தொடங்குவதற்குச் சற்று முன்னும், நிழற்காலம் முடிந்த சற்றுப் பின்னும் வரும் வாரங்களே கொடியன. ஆகவே மாசிக் கடைசியிலும் சித்திரையை ஒட்டியும், ஆவணியிலும் ஐப்பசியை ஒட்டியுமாக ஆண்டுக்கு நான்கு முறை சூடு உச்சமடைந்தது.

இவ்வுண்மை தெரிந்தபின் பழுது பாதி அடங்கிற்று எனலாம். எந்த வாரத்தில், எந்த மணியில், எந்தப் பட்டை கெடும் என்பதை முன்கூட்டியே கணித்து வானிலையாளர்க்கு அறிவிக்க முடிந்தது. கெடும் என்று தெரிந்த நேரத்தில் அவர்கள் வேறு பட்டையையோ, வேறு செய்மதியையோ நாடினர். பழைய கோஸ் 15 செய்மதியும் 2020 ஆம் ஆண்டின் முற்பகுதிவரை உடன் இயக்கப்பட்டது.

கையாண்ட முறைகள்

முதலாவதாக, 60 கெல்வின் குளிரை எப்பொழுதும் பெறுதல் இயலாதென ஒப்புக்கொண்டு, உணர்பாகங்கள் ஏறத்தாழ 20 பாகை கூடிய வெப்பநிலையில் நிலையாக இருக்குமாறு விடப்பட்டன. குறைந்த குளிராயினும் நிலையான குளிர், ஏறியிறங்குங் குளிரினும் நன்று.

இரண்டாவதாக, ஆண்டுக்கு இருமுறை செய்மதியையே திருப்பிவைத்தனர். ஞாயிறு அரையாண்டு வடக்கேயும் அரையாண்டு தெற்கேயும் நிற்பதால், வெப்பம் போக்குந் தட்டின்மீது வெயில் குறைவாகப் படுமாறு அச்செய்மதி 180 பாகை சுழற்றப்பட்டது. தட்டு நிழலில் இருந்தாலே வெப்பத்தை நன்கு வீசும். நாற்றுமேடைப் பந்தலின் கிடுகை வெயில் சாயும் பக்கத்துக்கு மாற்றிக் கட்டுவார் செயலோடு இதனை ஒப்பிடலாம். செய்மதி தலைகீழாய் நின்றபோதும், நிலத்திலுள்ள கணினிகள் படத்தை நேராக்கிக் கொடுத்தன.

மூன்றாவது முறை சற்று நுட்பமானது. உணர்பாகம் ஒவ்வொன்றும் வருங் கதிரைச் சிறிது நேரஞ் சேர்த்து அளக்கும் ஒரு குடம் போன்றது. பாகமே சூடேறினால் அதன் சொந்த வெப்பத்தால் எழும் குறியே குடத்தை நிரப்பிவிடும். நிரம்பி வழிந்த குடத்தைக் கொண்டு எவ்வளவு நீர் வந்தது என்று யாராலுங் கூறவியலாது. ஆதலாற் சூடான மணிகளிற் குடத்தை முன்னதாகவே எடுத்தனர். அதாவது கதிரைச் சேர்க்கும் நேரத்தைக் குறைத்தனர். சூட்டுக்காலத்தில் நாளுக்கு இருமுறை, சூடேறுமுன் ஓர் அளவுக்கும் தணிந்தபின் மற்றோர் அளவுக்கும் மாற்றுதல் வழக்கமாயிற்று. குறைந்த நேரஞ் சேர்ப்பதாற் படத்திற் சிறிது மணல்மணலான தோற்றம் ஏற்படும். எனினும் ஒன்றுமே தெரியாமையினும் அது மேலானது.

நான்காவது, அளவைச் சரிபார்த்தல் பற்றியது. கருவிக்குள்ளே வெப்பநிலை நன்கறியப்பட்ட ஒரு கரும்பொருள் உண்டு. நெற்கடையிலுள்ள தராசைப் படிக்கல்லால் அடிக்கடி சோதிப்பதுபோல, கருவி அதனை இடையிடையே பார்த்துத் தன் அளவைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் கருவி விரைவிற் சூடேறும் வேளையிற் பார்த்த அளவு, அதனைப் பயன்படுத்தும் கணத்திற் பழையதாகிவிடும். படிக்கல்லால் நிறுத்தபின் தராசு சரிந்துகொண்டே போனால் அடுத்த மூடை பிழையாகவே நிறுக்கப்படும். முகிலுச்சியின் வெப்பநிலை இவ்வாறு பிழைபட்டால் மழையின் மதிப்பும் பிழைபடும். படம் இல்லாமையினும் பொய்ப்படம் தீங்கு மிக்கது. ஆகவே தராசு எவ்வளவு வேகமாகச் சரிகின்றது என்பதையுங் கணித்து, வரப்போகும் பிழையை முன்னரே கழித்துவிடும் முறை வகுக்கப்பட்டு, 2019 யூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இதனால் முன்பு எறியப்பட்ட பல மணி நேரப் படங்கள் பயன்பாட்டுக்குரியவாயின.

கடுஞ்சூட்டு இரவுகளிற் கருவியின் வேலையுங் குறைக்கப்பட்டது. 10 நிமிடத்துக்கொருமுறை எடுக்கும் முழுப்படத்தை அவ்விரவுகளில் 15 நிமிடத்துக்கொருமுறை எடுத்தனர்.

இவையெல்லாஞ் சேர்ந்து, கருவி தரவேண்டிய தரவில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டதைத் தரும் என மதிப்பிடப்பட்டது. எஞ்சிய சிறு பகுதி சூட்டுக்கால இரவுகளோடு போயிற்று. கோஸ் 17 செய்மதி 2018 நவம்பரில் மேற்கு நெட்டாங்கு 137.2 பாகையை அடைந்து, 2019 பெப்புருவரி 12 ஆந் திகதி மேற்குப் பகுதிக்குரிய செய்மதியாக முறைப்படி பணியேற்றது.

வடியே அடைப்பாயிற்று

பழுதின் காரணத்தைத் துணிய நாசாவும் நிருவாகமும் ஒரு விசாரணைச் சபையை நியமித்தன. எட்டாத் தூரத்திலுள்ள பொருளை ஆராய்வதால், நிச்சயமாக இதுவே என்று கூற அவர்களால் இயலவில்லை. ஆயினும் வெப்பக் குழாயினுள்ளே அகப்பட்ட அந்நியத் துகள்கள் திரவத்தின் ஓட்டத்தைத் தடுத்தமையே பெரும்பாலுங் காரணமாதல் வேண்டும் என்று முடிபு செய்தனர். குழாய் பொறிமுறையில் உடைந்திருத்தல் கூடுமோ என்பதையும் ஆராய்ந்து, அது நிகழ்ந்திருத்தல் அரிதென விட்டனர்.

துகள் சேர்ந்து அடைக்கக்கூடிய இடம் குழாயிலிருந்த வடி என்பது கமக்காரர்க்கு எளிதில் விளங்கும். வாய்க்காலின் மதகில் சருகு புகாதிருக்கும்பொருட்டு வலை கட்டுகின்றோர், அவ்வலையிலேயே சருகு படிந்து தண்ணீர் நின்றுவிட்ட காலைகளையுங் கண்டிருப்பர். வாய்க்கால் வலையை நாடோறும் அள்ளித் துப்புரவு செய்யலாம். விண்வெளியில் நிற்கும் வடியை அள்ளுவாரில்லை. ஆதலால் அடுத்த செய்மதிக்குத் துகளால் அடைபடத்தக்க அவ்வடிகளையே நீக்கி, எளிய அமைப்புடைய குழாயும் தட்டும் செய்யப்பட்டன. அம்மாற்றத்துக்காக அதன் ஏவுகையும் பிந்திற்று. பிந்தியது பற்றிக் குறைகூறியோர் இருக்கலாம். ஆனால் அறிந்த பழுதோடு மற்றொன்றை மேலே அனுப்புதல் அறிவுடைமையாகாது.

குறையுடைய கண் கண்டது

2022 சனவரி 15 ஆந் திகதி தொங்கா நாட்டின் கடலடி எரிமலையாகிய அங்கா தொங்கா பெருவெடிப்பாய் வெடித்தது. அது கோஸ் 17 இன் சூட்டுக்காலமன்று. அதன் கண் தெளிவாயிருந்தது. மேலெழுந்த சாம்பல் முகிலைக் கிழக்கிலிருந்து கோஸ் 17 உம், மேற்கிலிருந்து யப்பானின் இமவாரி 8 உம் ஒருங்கே படம் பிடித்தன. இரு கண்ணாற் பார்ப்போர்க்குத் தூரந் தெரிவது போல, இரு திசைப் படங்களையும் ஒப்பிட்டு அம்முகில் 58 கிலோமீற்றர் உயரம் வரை சென்றதென நாசா ஆய்வாளர் கணித்தனர். செய்மதிகள் பதிந்த எரிமலை முகில்களுள் அதனினும் உயர்ந்தது முன்னர் இல்லை.

கோஸ் 17 இன் பார்வையில் இலங்கை அகப்படவில்லை. ஆயினும் மேலே கூறப்பட்ட இமவாரி 8 செய்மதியில் 2015 ஆம் ஆண்டு பணிதொடங்கிய படமாக்குங் கருவி, கோஸ் 17 இன் கருவியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது; கிழக்கு நெட்டாங்கு 140.7 பாகையில் நின்ற அதன் பார்வை வட்டத்தின் மேற்கு ஓரத்தில் இலங்கையும் அடங்கியது.

திருத்திய குழாய்களுடன் கோஸ் 18 செய்மதி 2022 மாச்சு மாதம் 1 ஆந் திகதி ஏவப்பட்டது. பணியேற்குமுன்னரே, அவ்வாண்டு ஆகத்திலும் ஒற்றோபரிலும் வந்த சூட்டுக்காலங்களில், கோஸ் 17 இன் படங்கள் கெடக்கூடிய நாள்களில் கோஸ் 18 இன் படங்கள் வானிலையாளர்க்கு இடையிட்டுக் கொடுக்கப்பட்டன. 2023 சனவரி 4 ஆந் திகதி மேற்குப் பகுதிப் பணியைக் கோஸ் 18 முற்றாக ஏற்றது. கோஸ் 17 மேற்கு நெட்டாங்கு 104.7 பாகைக்கு நகர்த்தப்பட்டு, வேறொன்று பழுதுறின் எடுத்தாளும்பொருட்டு ஒதுக்கி நிறுத்தப்பட்டது.